வாய் நிறையத் தண்ணீர்

கேக் அக்காவின் வாயில் தண்ணீர் இருக்கும்போது அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் அது. கேட்டால் கையை ஆட்டுவாள், கண்ணை உருட்டுவாள், மாவு அப்பிய விரலால் முதலில் ஓவனையும் பிறகு கடிகாரத்தையும் காட்டுவாள். இரண்டு கன்னமும் பலூன் மாதிரி உப்பியிருக்கும். பார்த்தால் சிரிப்பு வரும். அவளுக்கும் வரும். அடக்க முடியாமல் போனால் ஓடிப்போய்த் தொட்டியில் துப்பிவிட்டு, "சண்டாளி, சிரிக்க வெச்சிட்டியே, இப்போ மறுபடியும் ரொப்பிக்கணும்" என்று சொம்பைத் தேடுவாள்.

ஆவடி சேக்காட்டில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எண்பதுகளின் பின்பாதி. கல்யாணமாகி நான் அங்கே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்டு. மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடுவேன். எங்களுடையது நேற்றுவரை வயலில் கூலிக்குப் போன குடும்பம். கேக்கைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்ததோடு சரி. அக்கா வீட்டில் சர்ச்சுக்குப் போகிறவர்கள். கிறிஸ்துமசுக்கு மட்டுமல்லாமல் வருடம் முழுக்க அந்த வீட்டிலிருந்து வெண்ணெயும் எசன்ஸும் சேர்ந்து வேகிற வாசனை சுவர் ஏறிக் குதித்து வரும். அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றைக்கும், "அட, அவங்களா?" என்பார்கள்.

வாயில் தண்ணீர் வைத்துக்கொள்கிற வித்தை அவளாகவே கண்டுபிடித்தது. உடம்பைக் குறைக்கச் சொல்லி யாரோ டாக்டர் சொன்ன நாளில் தொடங்கினாளாம்.

"மாவு அடிக்கிறவ வெரலு சும்மா இருக்காதுடி. அதும்பாட்டுக்கு வாய்க்குப் பூடும், நமக்கே தெரியாது. வாயில தண்ணி கீதுன்னா வெரலு வாசல்லயே திரும்பிடும்ல?" என்றாள்.

எந்தப் பத்திரிகையிலும் போடாத வைத்தியம்தான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவள் அதைக் கோயில் விரதம் போலக் காப்பாற்றினாள். மாவைச் சலிக்க உட்காரும்போது வாயை நிரப்பினால், கேக் ஆறித் தட்டில் கவிழ்கிற வரைக்கும் அப்படித்தான்.

ருசி பார்க்காமல் கேக் செய்ய முடியுமா? அதற்குத்தான் என்னைப் பிடித்துப் போட்டாள். அடித்த மாவைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு வந்து, கரண்டிக் காம்பால் என் மோவாயில் ஒரு தட்டு தட்டுவாள். வாயைத் திற என்று அர்த்தம். நான் சப்பிக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வேண்டும். "சர்க்கரை கரையலக்கா" என்றால் விரலால் காற்றில் வட்டம் போடுவாள். இன்னும் அடிக்கணும் என்று அர்த்தம். "எசன்ஸ் கம்மி" என்றால் மூடியில் அளந்து இன்னும் நாலு சொட்டு. அவள் செய்த கேக்கின் ருசியை அவளுக்குச் சொன்னது என் நாக்குதான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அளவெல்லாம் அவளுக்கு முட்டைதான். தராசின் ஒரு தட்டில் முட்டைகளை அடுக்குவாள். மறு தட்டில் அந்த எடைக்குச் சர்க்கரை, அப்புறம் வெண்ணெய், அப்புறம் மைதா. படிக்கல்லே வேண்டாம். "கோழி போட்ட கணக்கு, தப்பாது" என்பாள். அலுமினியத்தில் வட்டமாக ஒரு எலக்ட்ரிக் ஓவன், மூடியில் கண்ணாடி. கேக் வேகும்போது அந்தக் கண்ணாடியில் ஆவி கட்டிக் கட்டி வழியும். அதன் பக்கத்தில் நின்று வேர்த்தவள் ஒருநாள் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கேட்டாள்: "வெண்ணெய நெருப்பாண்ட வெச்சா உருகுது. நானும் தெனம் நிக்கிறேன். நான் ஏண்டி உருகல?" கேட்டுவிட்டு அவளே முந்திக்கொண்டு சிரித்தாள். தன் உடம்பை யாராவது கிண்டல் செய்வதற்குள் தானே செய்துவிடுவாள். அடுத்தவர் கையால் அடி வாங்குவதைவிடத் தன் கையால் அடித்துக்கொள்வது மேல் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார், பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் அவரே சோறு வடிப்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் இதை எழுதுவது எவ்வளவோ சுலபமாக இருக்கும்.

எங்கள் வரிசையில் டி.வி. இருந்தது அவர்கள் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் படம் பார்க்கத் தெருவே கூடத்தில் வந்து உட்காரும். ஒரு ஞாயிறு அண்ணன் எங்கிருந்தோ எடை பார்க்கும் மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். மேலே ரப்பர் போட்டு, உள்ளே முள் ஓடுகிற மிஷின். படம் தொடங்குவதற்குள் குழந்தைகள் எல்லாம் ஏறி இறங்கின. என் மாமியார்கூடப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கடைசியாக அண்ணன், "இப்போ நம்ம ஊட்டு அம்மா!" என்றார்.

"எல்லாரும் செவுத்தப் புடிச்சிக்குங்க, பூமி ஆடும்" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஏறினாள். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணன் குனிந்து முள்ளைப் பார்த்து எண்ணை உரக்கப் படித்தார்.

அதோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் மிஷின் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. குழந்தைகளுக்குச் சலித்துப்போனது. அக்கா மட்டும் ஏற வேண்டும். "போன வாரத்துக்கு ஒண்ணு ஏறிகீது" என்று அண்ணன் சொல்வார். கூட்டம் உச்சுக் கொட்டும். அப்புறம் அவள் சுட்ட கேக்கையே துண்டு போட்டுத் தட்டில் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுப்பார். தட்டு அவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போகும். அவள் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தின்னவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருப்பேன்.

"துன்னாம எப்படி ஏறும்? காத்தா ஏறும்?" என்று அண்ணன் கேட்பார்.

ஒருநாள் அவள், "நான் கேக்கே போடலை, நிறுத்திடறேன்" என்றாள். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அண்ணன் பதறிவிட்டார். தொழிற்சாலையில் அவருக்கு "கேக் ஊட்டுக்காரர்" என்றே பெயர். யார் வீட்டுப் பிறந்தநாளுக்கும் அவர் வாக்குக் கொடுத்துவிட்டு வருவார்.

"ஃபோர்மேன் பொண்ணு கல்யாணத்துக்கு மூணு அடுக்குன்னு சொல்லிட்டு வந்துகீறேன். என் மானம் இன்னா ஆவறது? நீ செய். துன்னாத. அவ்ளோதான? நான் நாள் பூரா சரக்கு நடுவுல குந்திகினு கீறேன். ஒரு ஆணியாச்சும் ஊட்டுக்கு எடுத்தாந்திருப்பேனா?"

செய்யாமலும் இருக்க முடியாது, செய்தால் திருடி. இந்த இரண்டுக்கும் நடுவில் அவளை நிறுத்திவிட்டு மனிதர் நிம்மதியாக ஷிஃப்டுக்குப் போனார்.

பிறகு பூட்டு வந்தது. ஃபிரிட்ஜுக்குச் சாவி இருந்த காலம் அது. மைதாவும் சர்க்கரையும் பீரோவுக்குள் போயின. இரண்டு சாவியும் அவர் சட்டைப் பையில். காலையில் ஸ்டோர்ஸில் சரக்குக் கொடுக்கிற மாதிரி, அன்றைக்கு வேண்டியதைப் படிக்கல் போட்டு நிறுத்து எடுத்து வைத்துவிட்டுப் போவார். சாயந்திரம் வந்ததும் கேக்கை நிறுப்பார். முதல் நாள் அவர் கொடுத்தது எல்லாம் சேர்ந்து இரண்டு கிலோ. முட்டை ஓட்டுக்குக்கூட நியாயமாகக் கழித்திருந்தார். கேக் இருநூறு கிராம் குறைந்தது.

"மீதி எங்க?"

அக்கா தொட்டியில் தண்ணீரைத் துப்பிவிட்டு வந்தாள். "அடுப்பு துன்னுடுச்சு."

அவளுக்கு அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் சொன்னது சத்தியம். கண்ணாடி மூடியில் ஆவி வழிந்ததை நானே பார்த்தேன். கேக்கு வேகும்போது அதில் இருக்கிற ஈரம் போகும், எடை குறையும். துணி காய்ந்தால் குறைகிற மாதிரி. இது அண்ணனுக்கு ஏன் உறைக்கவில்லை என்றால், அவர் ஸ்டோர்ஸில் இரும்பு உருகி ஆவியாகப் போனதில்லை. உள்ளே வந்த சரக்கு வெளியே போக வேண்டும், குறைந்தால் யாரோ எடுத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிறு கூடத்தில் அவர் அதை எல்லாருக்கும் சொன்னார். "அடுப்பு துன்னுடுச்சாம்!" தெருவுக்கே அது வாய்ப்பாடாகிவிட்டது. பையன்களின் பம்பரம் காணோமா, அடுப்பு துன்னுடுச்சு. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரவில்லையா, அடுப்பு துன்னுடுச்சு. அக்காவும் அதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் இந்தத் தடவை முதலில் சிரித்தது அவள் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நான் கூடவே கீறேன். அக்கா ஒரு துளி வாயில வெக்கல" என்றேன்.

அவர் என் கன்னத்தையும் ஜாக்கெட் கையையும் பார்த்துச் சிரித்தார். "நீ நல்ல பொண்ணு. ஆனா நீயே பங்காளியாச்சே, உன் சாட்சி செல்லுமா?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. ருசி பார்த்தே நான் ஒரு சுற்றுப் பெருத்திருந்தேன். ஜாக்கெட்டைப் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது. என் மாமியார் ஒரு வாரமாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில், "இன்னாம்மா, முழுகாம கீறியா?" என்று கேட்டேவிட்டாள். எனக்கு மாம்பிஞ்சு ஊறுகாய் வேறு எடுத்துவைத்தாள். இல்லை, இது கேக்கு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. என் வயிறு பெருத்தால் நல்ல சேதி, சுவருக்கு அந்தப் பக்கம் பெருத்தால் திருட்டு. தின்றவள் நான்.

அக்காவிடம் போய் நின்றேன். "அடுப்புல வெக்கறதுக்கு முன்னாடி டின்னோட ஒரு தபா நிறுக்கலாம். வெந்தப்புறம் ஒரு தபா நிறுக்கலாம். அண்ணன எதிருலயே குந்த வெச்சிடலாம். உண்மை தெரிஞ்சிடும்ல?"

வாயில் தண்ணீர் இல்லாமலே பேசாமல் இருந்தாள்.

"வாரா வாரம் நான் ஏறி நிக்கிறது பத்தாதா? என் கேக்கும் நிக்கணுமா?" என்றாள் பிறகு. "கட்டிகினவன் கேட்டா, இல்லன்னு சொன்னா போதணும். தராசு வெச்சித்தான் நம்புவாருன்னா, தராசையே கட்டிகினு இருக்கட்டும்."

அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எடை குறைவதுகூட இரண்டாம் பட்சம். அவர் ஒரு தடவை, "சரி, நீ துன்னல" என்று சொல்ல வேண்டும். அதை அவள் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள், நிரூபிக்கவும் மாட்டாள்.

இதற்குள் அவள் முகம் வற்றிப்போயிருந்தது. கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஓடியது. முள் மட்டும் இறங்கவில்லை. யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. மிஷின் சொன்னதைத்தான் பார்த்தார்கள். காட்டுப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள், தன் குழந்தையின் பிறந்தநாளுக்கு ஃபோட்டோ எடுக்கும்போது, "யம்மா, நீ கேக்குக்குப் பின்னால நில்லு, வவுறு தெரியாது" என்றாள். அக்கா போய் நின்றாள். அந்த கேக்கும் அவள் செய்ததுதான்.

ஓவனுக்கும் தொட்டிக்கும் நடுவே அவள் ஒருக்களித்துத்தான் திரும்ப வேண்டியிருந்தது. குனிய முடியவில்லை. மைதா டின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். ஒருநாள் என் கையை எடுத்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். கல்லு மாதிரி இருந்தது.

"உள்ள இன்னாமோ குந்திகினு கீதுடி. இது நான் துன்னது இல்ல."

நான்தான் சண்டை போட்டு அண்ணனை டாக்டரிடம் அழைத்துப்போக வைத்தேன். பக்கத்துக் கிளினிக். அந்த டாக்டர் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா வேலை செய்றீங்க?" என்று கேட்டார். கேக் என்றதும் சிரித்தார். அரிசியைக் குறைக்க வேண்டும், இனிப்பை நிறுத்த வேண்டும் என்றார். வயிற்றைத் தொடவேயில்லை. "நான் சொன்னேன்ல?" என்று அண்ணன் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

ஃபோர்மேன் மகள் கல்யாணம் வந்தது. சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் வரவேற்பு. அடி அடுக்கை மடியில் வைத்துக்கொண்டு அக்கா ஆட்டோவில் வந்தாள். நான் மற்ற இரண்டோடு அண்ணன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். வெள்ளை ஐசிங்கில் ரோஜாப் பூ வைத்து, சின்னத் தூண் நிறுத்தி, மூன்று அடுக்கையும் அவளே ஏற்றினாள். அங்கேயும் வாயில் தண்ணீர். நாலு பேர் பார்க்கிற இடம் அல்லவா? கடைசி ரோஜாவை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் மேஜையைப் பிடித்தாள். அப்படியே சரிந்தாள்.

கூட்டம் கூடிவிட்டது. "நல்லா துன்னுட்டு வந்திருக்கும், அதான் மயக்கம்" என்று யாரோ சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. "வாயில இன்னாமோ கீது பாரு" என்றது இன்னொரு குரல். அண்ணன் அவள் தலையை மடியில் தூக்கி வைத்தார். அவள் கடைவாயிலிருந்து வழிந்து அவர் பேண்ட்டெல்லாம் நனைந்தது. வெறும் தண்ணீர். அவர் அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கர்ப்பப்பைப் பக்கத்தில் கட்டி. நல்லவேளை, கெட்ட கட்டி இல்லை என்றார்கள். ஆபரேஷன் முடித்து வெளியே வந்த டாக்டரம்மா, "வயிறு இவ்வளவு பெரிசா ஆகுற வரைக்கும் வீட்ல யாரும் பார்க்கலையா?" என்று கேட்டார்.

"கேக்கு செய்றவம்மா" என்றார் அண்ணன். "அதனாலன்னு நெனச்சிட்டோம்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதும் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேச முடிந்ததும் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ இருந்துச்சாம்?"

"ஏழு கிலோவாம்க்கா."

கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள். "அடி அடுக்குடி. ஐசிங்கோட." சிரித்தாள். தையல் வலித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை மிஷின் வரவில்லை. பரண்மேல் ஏற்றிவிட்டார். ஃபிரிட்ஜிலும் பீரோவிலும் சாவி அப்படியே தொங்கியது. படம் பார்க்க வந்தவர்கள் அக்காவைப் பார்த்து, "இன்னா இப்படி எளச்சிட்டீங்க!" என்றார்கள், பாராட்டுகிற மாதிரி.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சாயந்திரம் அண்ணன் சுவருக்கு மேலே தலை நீட்டி என்னைக் கூப்பிட்டார். போனால் மனிதர் முண்டா பனியனெல்லாம் மைதாவாக நிற்கிறார். அவரே கேக் செய்திருந்தார். ஒரு பக்கம் கருகி, நடுவில் குழி விழுந்த கேக். அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், புடவைக்குள் ஆளே இல்லாத மாதிரி. அவர் ஒரு துண்டு வெட்டித் தட்டில் வைத்து அவள் முன்னால் போய் நின்றார்.

"முட்டைய வெச்சே நிறுத்தேன், உன்ன மாதிரி. வேவறதுக்கு முன்னாடியும் எடை பாத்தேன், எடுத்தப்புறமும் பாத்தேன். கொறையுதுடி. நான் ஒரு துளி தொடல. அடுப்புதான் துன்னுகீது." தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். "நீ துன்னல. நீ சொன்னது நெசம்."

இதற்காகத்தானே அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. "இரு, வரேன்" என்று எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் போனாள். சொம்பு வைக்கிற சத்தம் கேட்டது. கை கழுவுகிறாள் என்று நினைத்தோம்.

திரும்பி வந்தபோது இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

அண்ணனுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், "துப்புடி" என்றார். "இனிமே யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கடி. நீ துன்னு. ஒரு வாய் துன்னு." கெஞ்சினார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கோபித்துக்கொண்டு ஆட்டியதாகத் தெரியவில்லை. பால் வேண்டாத குழந்தை ஆட்டுமே, அப்படி. அவர் கையிலிருந்து தட்டை வாங்கினாள். கரண்டியால் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். கரண்டிக் காம்பால் என் மோவாயில் தட்டினாள்.

வாயைத் திறந்தேன். பல்லில் நறநறவென்று அரைபட்டது.

"சர்க்கரை கரையலக்கா" என்றேன்.

அவள் அண்ணன் பக்கம் திரும்பி, விரலால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினாள். தண்ணீரை அவள் துப்பவில்லை.